அகராதியும் கைப்பேசியும்



பல மொழியினர் கூடி வாழ்ந்த ஊர் நம் மலாக்கா. இங்கே 84 மொழிகள் பேசப்பட்டன என்று, 1512இல் இத்துறைமுகத்திற்கு வந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ் எழுதி வைத்தார். கடை, கப்பல் என்னும் நம் சொற்கள் 'கெடாய்', 'காப்பால்' என மலாய்மொழியில் இன்றும் வழங்குகின்றன. பிறமொழிச் சொல்லுக்குப் பொருள் காண்பது நமக்குப் புதிய கலையன்று. காணும் கருவிதான் மாறி வருகிறது.

பண்டைத் தமிழர் சொற்பொருளை நிகண்டுகளில் கற்றனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை செய்யுளால் ஆகிய நிகண்டுகள். அவற்றை மனப்பாடம் செய்தவர்க்கே பொருள் கைவரும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றிச் சொற்களை அகரவரிசையில் அமைத்தார். எழுத்து வரிசை அறிந்த எவரும் தாமே பொருள் தேட அது வழி திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. மலாய்மொழிக்கு டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1970இல் 'காமுஸ் டேவான்' அகராதியை அளித்தது. இன்று இவ்விரண்டையும் இணையத்திலேயே தேடலாம். கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழும் சேர்ந்தது. இப்போது கைப்பேசியை அறிவிப்புப் பலகைக்கு நேரே பிடித்தாலே போதும், தமிழ் தோன்றுகிறது.

இவற்றுள் எது சிறந்தது என மாணவர் வினவலாம். சில எடுத்துக்காட்டுகளால் ஆராய்வோம்.

'லீமா எக்கோர் லெம்பு' என்னும் தொடரைக் காண்க. அகராதியில் 'எக்கோர்' என்பதற்குரிய முதற்பொருளை மட்டும் பார்த்த மாணவன் 'ஐந்து வால் மாடு' என்று எழுதிவிடுவான். விலங்குகளை எண்ணும்போது எண்ணுக்குத் துணையாக வருவது அச்சொல். கருவியோ தொடர் முழுவதையும் நோக்கி, 'ஐந்து மாடுகள்' எனப் பெரும்பாலும் சரியாகவே கூறும். இங்கே வெற்றி கருவிக்கே.

இனி, 'டியா குரு சாயா' என்னும் தொடரைக் காண்க. 'டியா' என்பது ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். தமிழிலோ அவன், அவள், அவர் என மூன்று சொற்கள் உள. ஆசிரியரைச் சுட்டும்போது 'அவர் என் ஆசிரியர்' என்பதே நம் மரபு. பேசப்படுபவர் யார், அவருக்குரிய மரியாதை யாது என்பன கருவிக்குத் தெரியா. ஆகையால் அது ஏதேனும் ஒன்றைத் தானே தேர்ந்து கொள்கிறது.

மூன்றாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. கேட்பவரையும் உளப்படுத்திக் கூறுவது 'நாம்'. அவரை விலக்கிக் கூறுவது 'நாங்கள்'. மலாய்மொழியிலும் 'கீத்தா', 'காமி' என இவ்வேறுபாடு அப்படியே உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கருவி, ஏற்கெனவே மொழிபெயர்க்கப்பட்ட ஏராளமான வாக்கியங்களைக் கொண்டு பயில்வது. மலாயும் தமிழும் இணைந்த வாக்கியங்கள் குறைவு. ஆங்கிலத்தோடு இணைந்தவை மிகுதி. ஆகவே இத்தகைய இரு மொழிகளுக்கிடையே கருவிகள் ஆங்கிலத்தின் வழியாகச் செல்வது உண்டு. அவ்வாறு செல்லும்போது, நம்மிரு மொழிகளிலும் உள்ள செல்வம் நடுவழியில் தொலைந்துபோகிறது.

வகுப்பறையில் இத்தகைய பிழையால் ஒரு மதிப்பெண் குறையும். வீட்டிலோ இழப்பு பெரிதாகலாம். தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர் பலர், களைக்கொல்லிப் புட்டியின் சீட்டையும் கிளினிக் மருந்துறையையும் தம் பிள்ளையிடமே கொடுத்துப் படிக்கச் சொல்கின்றனர். 'செபெலும் மாக்கான்' என்றால் உணவுக்கு முன். 'செலெப்பாஸ் மாக்கான்' என்றால் உணவுக்குப் பின். 'ஜாங்ஙான்' என்பது விலக்கும் சொல். அதனை விட்டுவிட்டால் செய்யாதே என்பது செய் என்றாகிவிடும். பத்து வயதுச் சிறுவனின் தோளில் இவ்வளவு பெரிய பொறுப்பு இருக்கிறது. ஆதலின் மருந்து, நஞ்சு, பணம், கையொப்பம் ஆகிய நான்கிலும் கருவியின் விடையை முடிந்த முடிபாகக் கொள்ளற்க. மருந்து கொடுப்பவரிடமோ, மேற்பார்வையாளரிடமோ, ஆசிரியரிடமோ வாய்விட்டுக் கேட்டுத் தெளிதல் வேண்டும். கேட்பது இழிவன்று.

அகராதி பல பொருள்களை நம்முன் வைத்து, 'நீயே தேர்ந்துகொள்' என்கிறது. கருவி ஒன்றைத் தானே தேர்ந்து தருகிறது. தேர்ந்தெடுக்கப் பழகிய மாணவனே கருவியின் பிழையைக் கண்டுபிடிப்பான். ஆகவே முதலில் அகராதி புரட்டப் பழகுக. பின்னர்க் கருவியைப் பயன்படுத்துக. வந்த விடையிலுள்ள முதன்மைச் சொற்களை மீண்டும் அகராதியில் சரிபார்க்க. பெற்றோர்களும் வீட்டில் ஓர் அகராதியைப் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார்களாக.

பயிற்சி

1. ஆறு, படி, திங்கள், மாலை ஆகிய சொற்களின் பொருள்களை அகராதியில் கண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் எழுதுக.

2. 'அடேக் சாயா சாக்கிட்' என்பதைத் தமிழாக்குமுன், சொன்னவரிடம் நீ கேட்க வேண்டிய வினா யாது?

3. 'நாம் பள்ளிக்குச் செல்வோம்', 'நாங்கள் பள்ளிக்குச் செல்வோம்' ஆகிய இரண்டையும் கருவியில் மலாய்மொழிக்கு மாற்றுக. 'கீத்தா', 'காமி' சரியாக வந்துள்ளனவா எனச் சோதித்து, பெற்றோரிடம் விளக்குக.