ஆவாரை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் வழியில், தொழிற்சாலை மதில்கள் எழும்பாத மேட்டு நிலங்களில், பொன்னிறப் பூக்கள் செறிந்த செடியொன்று தானே வளர்ந்து நிற்கக் காணலாம். அதுவே ஆவாரை. மும்மொழி வழங்கும் அவ்வெல்லைப் பகுதியில் கன்னடர் அதனைத் தங்கடி என்பர். தெலுங்கர் தங்கேடு என்பர். பொங்கலையொட்டிக் கட்டும் காப்பில் வேம்போடும் பூளையோடும் அதற்கும் இடமுண்டு.

ஆவாரை பூத்த ஊரில் சாவாரைக் காண்டல் அரிது என்னும் கருத்துடைய பழமொழி பலரும் அறிந்ததே. அன்பின் மிகுதியால் எழுந்த சொல் அது, அளந்து சொன்னதன்று. சித்த மருத்துவர் நீரிழிவுக்கு ஆவாரைக் குடிநீர் வழங்குவர். அதில் கொன்றை, நாவல், மருது முதலியனவும் சேரும். ஆவாரம்பூச் சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தமை ஆய்வுகளில் தெரிந்துள்ளது. எலிக்கு நேர்ந்தது மனிதர்க்கும் அவ்வாறே நேரும் எனக் கொள்ளலாகாது.

இரத்தத்திலுள்ள சர்க்கரை உடலணுக்களுள் புகுவதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலின் வேண்டும். சில சிறுவர்க்கு அச்சுரப்பு அறவே நின்றுவிடுவதுண்டு. கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் 1921-இல் இன்சுலினைப் பிரித்தெடுத்து, மறு ஆண்டு அது ஊசியாக வழங்கப்படும் வரையில், அச்சிறுவர் நெடுநாள் வாழ்ந்திலர். இன்றும் அத்தகையோர் ஊசியை விடுத்து ஆவாரையை மட்டும் நம்பின், சின்னாளில் உயிருக்கே ஊறு நேரும்.

மருந்தோடு குடிநீரும் அருந்துவோர் அதனை மருத்துவரிடம் மறையாது கூறுதல் வேண்டும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவிறந்து தாழ்த்தினால் வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றும். ஓசூர் ஆலையில் இரவு முறை வேலை செய்பவன் வேளை தவறி உண்பவன். சுழலும் பொறியின் முன் நிற்பவன்.