கேரவனில் அடுப்பு மங்குகிறதா?

பிரிட்டனில் கேரவன் எடுத்துச் சுற்றுகிறவர்கள் கவனிக்க: சிலிண்டரில் கேஸ் இருந்தும் அடுப்பு சோம்பி எரிந்தால் ரெகுலேட்டர் மீது சந்தேகப்படுங்கள். இன்றைய வண்டிகளில் அது சிலிண்டர் பெட்டியின் சுவரில் இருந்து 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸ் தரும். அது சிலிண்டர் வால்வைவிட உயரத்தில் இருக்கவேண்டும். ஹோஸ் எங்கும் தொய்யாமல் மேல்நோக்கியே ஏறட்டும். தொய்ந்தால், எண்ணெய்ப் பிசுக்கு ரெகுலேட்டருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்ததைப் பிரித்துச் சுத்தம் செய்யவே வேண்டாம், தகுதியுள்ள கேஸ் மெக்கானிக்கைக் கொண்டு புதிதாக மாற்றுங்கள்.

குளிர்காலத்துக்குப் புரொப்பேன்தான். பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போதே சரியாக ஆவியாகாது. கசிவைப் பார்க்க சோப்பு நுரை போதும், தீக்குச்சி கூடவே கூடாது. தரையிலுள்ள காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து துணியால் அடைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளியேற முடியும்.