ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு ஆங்கிலப் பேச்சு

1983ஆம் ஆண்டு. டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் நிரந்தரப் பாதை ஆய்வாளர் பயிற்சிக்குச் சேர்ந்து, நாக்பூர்ப் பக்கம் வந்த புதிது. ஒருநாள் டிராலியில் வந்து இறங்கிய அதிகாரி, கேஜை வைத்துத் தண்டவாளங்களின் இடைவெளியை அளந்துகொண்டிருந்த என்னிடம், "வாட் டூ யூ கெட்?" என்று கேட்டார். அகலப் பாதைக்கு 1676 மில்லிமீட்டர் கணக்கு. நான் அளந்த இடத்தில் அதைவிட 3 மில்லிமீட்டர் குறைவு. விடை எனக்குத் தெரியும். தேர்வெல்லாம் ஆங்கிலத்தில் எழுதித் தேறியவன்தான். ஆனால் வாக்கியத்தை மனத்துக்குள் கட்டி முடிப்பதற்குள், பக்கத்தில் நின்ற கீமேன், நாலாம் வகுப்பைத் தாண்டாத பெரியவர், "சாப், த்ரீ டைட்" என்று சொல்லிவிட்டார். அதிகாரி தலையசைத்துவிட்டு மேலே நடந்தார்.

அந்தப் பதிலில் எழுவாய் இல்லை, பயனிலை இல்லை. கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் சங்கத்துக் குடும்பங்களில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் ஊரிலிருந்து ஒரு பிள்ளை வந்து தங்கிப் போகிறது. அக்கா மகன், மைத்துனர் மகள், பங்காளி வீட்டுப் பையன் என்று யாராவது ஒருவர். பி.எஸ்ஸி. அல்லது பி.காம். முடித்திருக்கும். "உங்க ஊர்லே நாலு மாசம் இருந்தா இங்கிலீஷ் பேச வந்துரும், ஒரு வேலைக்கும் வழி கிடைக்கும்" என்று அனுப்பிவைப்பார்கள். நாமும் சரி என்போம். அதன்பின் என்ன செய்வதென்று நமக்கும் தெரிவதில்லை.

எனக்கும் தெரியவில்லை. 1998இல் என் அக்கா மகன் இப்படித்தான் வந்தான். தமிழ் வழியில் படித்தவன், கணிதத்தில் கெட்டிக்காரன். வீட்டில் எல்லோரும் அவனோடு ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும் என்று முதல் நாளே சட்டம் போட்டேன். சாப்பாட்டு மேசையில் அவன் வாய் திறந்தால் போதும், "வென்ட் இல்லை, கான்; ஈஸ் இல்லை, ஆர்" என்று அங்கேயே திருத்துவேன். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த என் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நான் அதட்டவில்லை, ஒருநாள் நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டாம் வாரம் அவன் சாப்பிடும்போது பேசுவதையே நிறுத்திவிட்டான். மூன்றாம் வாரம் ஊரில் அறுவடை வேலை இருக்கிறது என்று சொல்லி ரயில் ஏறினான். அது அறுவடைக் காலம் இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போது நான் எண்ணியது, அவனுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று. அது தவறு. பள்ளியில் பத்தாண்டுக்கு மேல் ஆங்கிலம் ஒரு பாடம். கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலம். படிக்கச் சொன்னால் படிப்பான், கடிதம் எழுதச் சொன்னால் எழுதுவான். ஆனால் அத்தனை ஆண்டுகளில் அவன் வாய்விட்டு ஆங்கிலம் பேசிய நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறியிருக்குமா என்பது சந்தேகம். அறுபது பேர் உள்ள வகுப்பில் யார் யாரைப் பேசவைப்பது? ஊரில் நண்பனோடு பேசிப் பார்க்கலாமென்றால், "என்னடா பீட்டர் விடுறே?" என்பார்கள். இரண்டு தமிழர்கள் தமக்குள் ஆங்கிலம் பேசுவது நாடகம்போல இருப்பதும் உண்மைதானே. வகுப்பில் தவறாகப் பேசினால் வெட்கம், வெளியில் சரியாகப் பேசினால் கேலி. தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியையும் சேர்த்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் தினமும் அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்து காது கொடுக்கும் ஒரு மனிதரைத் திட்டத்தால் வீடுவீடாக அனுப்ப முடியாது. அந்த மனிதராக நாம் இருக்கலாம்.

2022இல் என் மனைவியின் அண்ணன் மகள் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்தாள். நான் ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. இம்முறை திருத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். "உங்கப்பா தக்காளியை மண்டியில் எப்படி விற்கிறார், எனக்கு ஒன்றும் தெரியாது, சொல்" என்றேன். முதலில் தமிழில் சொன்னாள். பெட்டி இறக்குவது, ஏலம் போவது, கமிஷன் கழிப்பது, விலை விழுந்த நாளில் பறிக்கும் கூலி கூடத் தேறாமல் செடியிலேயே விட்டுவிடுவது எல்லாம் வந்தது. பிறகு அதையே ஆங்கிலத்தில் நான்கு நிமிடம் சொல்லச் சொன்னேன். திக்கித் திணறினாள், நான் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. மாலையில் அதே விஷயத்தை அவள் அத்தையிடம் மூன்று நிமிடத்தில். மறுநாள் பக்கத்து வீட்டு மராட்டி அம்மாளிடம் இரண்டு நிமிடத்தில். மொழியாசிரியர்கள் நான்கு-மூன்று-இரண்டு என்று கையாளும் முறைதான் இது. விஷயம் மாறுவதில்லை, கேட்பவர் மாறுகிறார், நேரம் குறைகிறது. மூன்றாம் முறை சொல்லும்போது சொற்களைத் தேடும் வேலை குறைந்து நாக்கு தானாக ஓடுகிறது.

அந்த மராட்டி அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய ஆங்கிலமும் நம் ஆங்கிலம் போலத்தான். இதைவிட நல்ல கேட்பாளர் கிடையாது. தமிழுக்குத் தாவ வழியில்லை, ஆங்கிலம் பேசினால்தான் காரியம் நடக்கும், எதிரில் இருப்பவர் பெரிய துரைசானியும் இல்லை. வெளிமாநிலத்தில் வாழும் நம்மிடம் அக்கம்பக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஊரில் உள்ள எந்தப் பயிற்சி நிலையத்திலும் இது கிடைக்காது.

இனி, நம் தமிழ்ப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்போம். "நான் நேற்று சைக்கிளில் கல்லூரிக்குப் போனேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: "ஐ வென்ட் டு காலேஜ் பை சைக்கிள் எஸ்டர்டே." "நான்" மட்டும் தன் இடத்தில் நிற்கிறது, மற்றவை அப்படியே தலைகீழ். தமிழ் வாக்கியம் இன்ஜின் கடைசியில் நின்று தள்ளும் வண்டி. ஆங்கிலத்தில் இன்ஜின் முன்னால் நின்று இழுக்கிறது. வினைச்சொல்தான் இன்ஜின். கொக்கியும் இடம் மாறுகிறது: நமக்கு "கல்லூரி" முடிந்தபின் "க்கு", அவர்களுக்கு "காலேஜ்" வருமுன் "டு". தமிழில் யோசித்துக்கொண்டே பேசுகிற பிள்ளை, வினைச்சொல் கடைசியில்தானே வரும் என்று காத்திருக்கிறது. அதுவரை வண்டி நகர்வதில்லை. போதாததற்கு, "போனேன்" என்ற சொல்லுக்குள்ளேயே "நான்" ஒளிந்திருப்பதால் "ஐ"யையும் விட்டுவிடும். நான் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்றுதான். யார், என்ன செய்தார், இந்த இரண்டை உடனே சொல்லிவிடு: "மை ஃபாதர் சோல்ட்." அங்கே மூச்சு விடலாம். பிறகு ஒவ்வொரு பெட்டியாக மாட்டு: எதை, எங்கே, எப்போது. தினமும் பத்து வாக்கியம் இப்படி ஷண்டிங் செய்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

உச்சரிப்பில் இரண்டு இடம் முக்கியம். பக்கம், பங்கு, பகல் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே க, மூன்று ஒலி. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை நம் நாக்கே முடிவு செய்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. குளிருக்குப் போடுவதும் புல் மேய்கிற ஆடும் நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் "கோட்"தான். மாத்திரையும் கடைக்காரர் தரும் ரசீதும் "பில்"தான். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். ஆட்டுக்கும் ரசீதுக்கும் சொல் தொடங்கும்போதே தொண்டை அதிரும்; மற்ற இரண்டுக்கும் முதல் எழுத்தில் அதிர்வு இராது. வித்தியாசம் விரலுக்குத் தெரிந்தால் காதுக்கும் சீக்கிரம் தெரியும்.

மற்றொன்று, தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே நாம் ஓர் உகரத்தைச் சேர்த்து "புக்கு", "கப்பு" என்கிறோம். இது நம் இலக்கணத்தின் குணம், நாக்கின் குறையல்ல என்று பிள்ளைக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அதோடு ஒட்டிச் சொன்னால் உகரம் தானே உதிர்ந்துவிடும். "புக்கு ஆன் தி டேபிள்" என்பதைப் "புக்கான் தி டேபிள்" என்று சொல்லிப் பார்க்கலாம்.

"ஏ", "தி" எங்கே வரும், "இன்"னா "ஆன்"னா என்பதையெல்லாம் முதல் இரண்டு மாதத்தில் தொடவே வேண்டாம். "தி" விட்டுப்போனதால் எந்த வண்டியும் தடம் புரண்டதில்லை. அவள் பேசும்போது நான் ஒரு தாளில் குறித்துக்கொள்வேன்; பேசி முடித்தபின் அதில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்வேன். அது பெரும்பாலும் இறந்த காலத்து வினைச்சொல்லாக இருக்கும்.

என் தொழிலுக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் என்.எஸ். பிரபு என்ற மொழியறிஞர் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தைப் பாடமாக வைக்காமல், ஆங்கிலத்தில் ஒரு கணக்கைக் கொடுத்து அதற்கு விடை தேடவைத்தால், மொழி தானே வரும் என்பது அவர் கொள்கை. அவர் பயன்படுத்திய கணக்குகளில் ரயில் கால அட்டவணையும் உண்டு. முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கைப் பேசித் தீர்ப்பார். பிறகு அதேபோன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தாமே செய்வார்கள். உலகமெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் அவருடைய 1987ஆம் ஆண்டு நூலை இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள்.

நானும் அதைப் பின்பற்றினேன். கைபேசியில் ரயில் நேரங்களை எடுத்துவைத்துக்கொண்டு, "நீ திண்டுக்கல் போகவேண்டும். திங்கள் காலை பத்து மணிக்கு அங்கே இருக்கவேண்டும். எந்த வண்டி, எங்கே மாறவேண்டும், ஏன் மற்றது வேண்டாம்?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன். அவள் ஒன்று சொல்ல நான் மறுக்க, சண்டையே வரும். "நோ மாமா, தட் டிரெயின் ரீச்சஸ் லேட்!" என்று முதன்முதலாக அவள் குரல் உயர்ந்தது இந்த விளையாட்டில்தான்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்பதற்கு ஒரு பக்கம் மனப்பாடம் செய்து போவார்கள். நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். அதைவிட மீட்சிக்கு நாலு வாக்கியம் கைவசம் இருக்கட்டும். "குட் யூ ஸே தட் அகைன், ப்ளீஸ்?" "டூ யூ மீன்...?" "ஐ டோன்ட் நோ தி வேர்ட், பட் இட் இஸ் லைக்..." "லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்." திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று ஊர்ப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ரயில்வேயில் இரண்டு நிலைய அதிகாரிகள் தொலைபேசியில் பேசும்போது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது விதி. சரியாகக் கேட்காமல் "எஸ் சார்" என்பதுதான் அங்கே குற்றம்.

கடைசியாக, வீட்டுப் பிள்ளைகள். இங்கே வளரும் நம் குழந்தைகள் ஆங்கிலம் பொரிந்து தள்ளுவார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவார்கள். அந்தப் பெண் வந்திருந்தபோது என் பேரனுக்கு அவள் தினமும் அரை மணி தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள். அவன் ழகரத்தில் மாட்டிக்கொண்டு விழித்ததைப் பார்த்தபின், ஆங்கிலத்தில் தானும் தடுமாறுவது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மேசையில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்பது அரை மணிக்கு ஒரு முறை மாறிக்கொண்டிருந்தது. அவள் ஐந்து மாதம் இருந்தாள். இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள்.

1998இல் ரயில் ஏறிப் போன என் அக்கா மகன் ஊரிலேயே மோட்டார் பம்பு கடை வைத்து நன்றாக இருக்கிறான். அவன் மகன் கல்லூரி முடிக்கிறான். வருகிற மே மாதம் நாக்பூர் வருகிறான், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போனில் செய்தி சொன்னவன் கொஞ்சம் நிறுத்தி, "மாமா, அவனுக்கும் சாப்பாட்டு மேசையிலே வெச்சுத்தானா?" என்று கேட்டுச் சிரித்தான். "இல்லப்பா, சாப்பிடும்போது தமிழ்தான்" என்றேன்.