வெட்டரிவாள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

விதை வாங்கினால் முளைப்புத் திறனைக் கேட்கிறோம். உரம் வாங்கினால் மூட்டையின் தையலைப் பார்க்கிறோம். மாடு பிடிக்கும்போது பல் பார்த்து, சுழி பார்த்து, நடக்க விட்டும் பார்க்கிறோம். ஆனால் தினமும் கையில் பிடிக்கும் வெட்டரிவாளை மட்டும் சந்தையில் பளபளப்பைக் கண்டு வாங்கி வந்து விடுகிறோம்.

வேலி முள் கழிக்க, தென்னை மட்டை வெட்ட, வாழைத்தார் இறக்க, விறகு பிளக்க, ஆட்டுக்குக் குழை ஒடிக்க எல்லாவற்றுக்கும் சிறு விவசாயியிடம் இருப்பது ஒரே அரிவாள்தான். அது மட்டமாக அமைந்தால் வேலை கெடும். சில சமயம் ஆளுக்கும் ஆபத்து.

சென்ற கோடையில் எங்கள் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். சீமைக் கருவேல் வெட்டிக் கொண்டிருந்த ஒருவரின் அரிவாள், ஓங்கிய வேகத்தில் பிடியை விட்டுக் கழன்று பறந்தது. பத்தடி தள்ளி விறகு கட்டிக் கொண்டிருந்த அவர் மகனின் கெண்டைக்காலில் பட்டு ஏழு தையல் போட வேண்டியதாயிற்று. அரிவாள் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிடியைப் பிளந்து பார்த்தபோது, உள்ளே போயிருந்த காம்பு ஒன்றரை அங்குல நீளமே இருந்தது. பூண் வெறும் தகரம். வெளியில் இருந்து பார்த்தால் இவை எதுவும் தெரியாது. ஆகவே எதைப் பார்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்து கொள்வது அவசியம்.

வேலைக்கு ஏற்ற அரிவாள்

கதிர் அறுக்கவும் புல் அறுக்கவும் மெல்லிய அலகு வேண்டும். அதைக் கொண்டு மரம் வெட்டக் கூடாது. மரம் வெட்டும் அரிவாளுக்கு முதுகு கனமாக இருக்க வேண்டும். பிடிக்கு அருகில் முதுகின் கனம் 5 முதல் 6 மில்லிமீட்டர் இருந்தால் பொது வேலைக்குப் போதும். அலகின் எடை மூக்கின் பக்கம் சற்றுக் கூடுதலாக இருந்தால் வெட்டு ஆழமாக இறங்கும். அளவுக்கு மீறினால் மணிக்கட்டு வலிக்கும்.

பெரிய அரிவாள்தான் நல்ல அரிவாள் என்று நினைப்பது தவறு. கடையிலேயே கையில் எடுத்து, ஆள் இல்லாத பக்கம் மெதுவாகப் பத்து முறை ஓங்கி இறக்கிப் பாருங்கள். பத்தாவது முறையும் முதல் முறை போலவே கை இறங்கினால் அந்த எடை உங்களுக்கு ஏற்றது. வீட்டில் பெண்களும் அதே அரிவாளை எடுத்து வேலை செய்வார்கள் என்றால் அவர்கள் கையிலும் கொடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

வளைந்த மூக்கு முள் கிளையை இழுத்துப் பிடித்து வெட்ட உதவும். கைக்கும் முள்ளுக்கும் இடையே தூரம் கிடைக்கும். புதருக்குள் கையை விடாமல் வேலை முடிவதால் பாம்புக் கடிக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு.

இரும்பு எது?

எல்லா இரும்பும் கூர் தாங்காது. இரும்பில் கலந்திருக்கும் கரியின் அளவுதான் இதைத் தீர்மானிக்கிறது. ஜன்னல் கம்பி, சாதாரணப் பட்டை போன்றவற்றில் கரி 100க்கு கால் பங்குக்கும் குறைவு. இதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் போதிய கடினம் ஏறாது. கூர் தீட்டிய அன்று வெட்டும், மறுநாள் மழுங்கும்.

லாரியின் வில் பட்டையில் கரி 100க்கு சுமார் அரைப் பங்கு முதல் 0.6 பங்கு வரை இருக்கும். கூரும் தாங்கும், அடியும் தாங்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் இந்தப் பட்டையை விரும்பி வாங்குவது இதனால்தான். பழைய அரத்தில் கரி 100க்கு ஒரு பங்கு அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். அதில் செய்த சிறு கத்தி நன்றாக வெட்டும். ஆனால் ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு அது ஏற்றதல்ல. முரட்டு அடியில் உடைந்து விடலாம்.

துருப்பிடிக்காத எவர்சில்வர் அலகுகள் இப்போது கடைகளில் பளபளவென்று தொங்குகின்றன. காய்கறி நறுக்க அவை சரி. அவற்றில் பெரும்பாலானவை மெல்லியவை. காட்டு வேலைக்குத் தாங்காது.

பட்டறையில் சாணைச் சக்கரம் இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. இரும்பைச் சக்கரத்தில் வைத்தால் பொறி பறக்கும். கரி குறைந்த இரும்பின் பொறி நீண்ட கோடாகப் போகும். கரி மிகுந்த இரும்பின் பொறி நுனியில் மத்தாப்புப் போல் கிளைத்து வெடிக்கும். கொல்லரைக் கேட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். ஒரு முறை பார்த்தால் மறக்காது.

துவைச்சலில்தான் உயிர்

நல்ல இரும்பாக இருந்தாலும் துவைச்சல் சரியில்லை என்றால் பயனில்லை. அலகின் வாய்ப் பகுதியைச் செஞ்சிவப்பாகக் காய்ச்சித் தோய்த்தால் அது கடினமாகிறது. பதமான சூட்டில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடேறியதும் தோய்க்க வேண்டும். மஞ்சளும் வெள்ளையுமாகக் காய்ச்சிவிட்டால் இரும்பு நொய்ந்து போகும்.

தோய்த்த உடன் அலகு கண்ணாடி போல் கடினமாக இருக்கும். அப்படியே விட்டால் பல் விழும். அதனால் பழகிய கொல்லர் வாயை மட்டும் தோய்த்து எடுத்து, ஓரத்தைக் கல்லில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிக் காத்திருப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். அப்போது நிறம் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு ஊதா நிறம் வாயைத் தொடும்போது மறுபடி முழுவதும் தோய்த்து நிறுத்துவது நல்லது. இப்படிச் செய்தால் வாய் கடினமாகவும் முதுகு மிருதுவாகவும் அமைந்து, அடியின் அதிர்ச்சியை முதுகு வாங்கிக் கொள்ளும்.

லாரிப் பட்டையைத் தண்ணீரில் சட்டென்று குளிரவிட்டால் சில சமயம் மயிரிழை போல் விரிசல் விழும். எண்ணெயில் தோய்ப்பது பாதுகாப்பானது. செய்யக் கொடுக்கும்போதே, "எண்ணெயில் தோய்த்துக் கொடுங்கள் ஆசாரி, ஊதா நிறத்தில் நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுங்கள். விவரம் தெரிந்து கேட்பவருக்கு எந்தக் கொல்லரும் கவனமாகவே செய்து கொடுப்பார்.

காம்பும் பிடியும்

பிடிக்குள் செல்லும் காம்பு பிடியின் நீளத்தில் முக்கால் பங்காவது போக வேண்டும். அடி வரை சென்று நுனி மடக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. பட்டைக் காம்பின் இருபுறமும் மரம் வைத்து மூன்று ஆணி அடித்து இறுக்கியது மிகவும் உறுதி. காம்பு அலகோடு சேரும் இடம் சட்டென்று ஒடுங்காமல் படிப்படியாக ஒடுங்க வேண்டும். செங்கோணமாக வெட்டியது போல் இருந்தால் அந்த மூலையில்தான் முறியும்.

பூண் இரும்பிலோ பித்தளையிலோ கனமாக இருக்க வேண்டும். பிடிக்கு வாகை, கருவேல், பூவரசு போன்ற நன்றாகக் காய்ந்த மரம் நல்லது. பச்சை மரத்தில் போட்ட பிடி கோடையில் சுருங்கி ஆட்டம் கொடுக்கும். பிடியைப் பற்றினால் விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். அடிப்பக்கம் சற்றுப் பருத்திருந்தால் வியர்த்த கையிலும் வழுக்காது.

ஆடும் பிடியைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது பலரின் வழக்கம். அது அன்றைக்கு மட்டும் நிற்கும். வெயிலில் காய்ந்ததும் முன்னிலும் அதிகமாகத் தளரும். அரக்கு உருக்கி ஊற்றிக் காம்பைப் புதிதாக இறக்குவதோ, பிடியையே மாற்றுவதோதான் சரியான வழி. மேலே சொன்ன விபத்திலும் முதல் நாள் இரவு அரிவாளை வாளியில் ஊறப் போட்டிருந்தார்கள்.

வாங்கும் இடத்தில் ஐந்து சோதனை

1. அலகைத் தொங்கவிட்டுச் சிறு இரும்பால் தட்டுங்கள். குடத்தைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். கணீரென்று ஒலித்தால் நல்லது; மந்தமாகக் கேட்டால் விரிசலோ பிடித் தளர்வோ இருக்கலாம்.

2. முதுகைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். கோணல் இருக்கக் கூடாது.

3. அரத்தால் வாயில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். எளிதாகக் கடித்து இழுத்தால் இரும்பு மிருது. வழுக்கியும் சற்றே பிடித்தும் வந்தால் பதம் சரி.

4. பிடியை ஒரு கையிலும் அலகின் முதுகை மறு கையில் துணி சுற்றியும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் வேண்டாம்.

5. காய்ந்த கருவேலங் கட்டையில் நான்கைந்து வெட்டு வெட்டி வாயைப் பாருங்கள். வாய் மடங்கியிருந்தால் துவைச்சல் போதாது. பல் விழுந்திருந்தால் துவைச்சல் கூடிப் போயிற்று. இரண்டும் இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

வெட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காமல் வருவதே மேல்.

கூர் தீட்டுதல்

மரம் வெட்டும் வாய்க்கு இருபக்கமும் சேர்ந்து 30 பாகை வரை கோணம் வேண்டும். சவரக் கத்தி போல் மெலிதாகத் தீட்டினால் முதல் கணுவிலேயே பல் விழும். கோணம் அளக்க ஒரு சதுரக் காகிதத்தின் மூலையை மடியுங்கள். ஒரு மடிப்பில் 45 பாகை, இன்னொரு மடிப்பில் 22 பாகைக்குச் சற்றுக் கூடுதல். இந்த இரண்டுக்கும் இடையில், சிறிய மடிப்பின் பக்கம் ஒட்டி வாய் அமைந்தால் சரி.

மின்சாரச் சாணையில் தண்ணீர் இல்லாமல் அழுத்திப் பிடித்தால் ஓரம் நீலம் பாயும். அந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீர் விட்டுக் கல்லில் கையால் தீட்டுவதே சிறந்தது. வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மழுங்கிய அரிவாள்தான் அதிகம் வழுக்கிக் காலில் இறங்குகிறது.

பாதுகாப்பும் பராமரிப்பும்

எருக்கம்பால், வாழைச் சாறு பட்ட அரிவாளை அன்றே கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவ வேண்டும். உர மூட்டைமேல் வைத்தால் உப்பு ஏறித் துரு அரிக்கும். மண்ணைக் கிளறவோ கல்லில் கொத்தவோ அரிவாளைப் பயன்படுத்தாதீர்கள். பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறி வாயில் மாட்டினால் காசில்லாத உறை கிடைத்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் செருகி வையுங்கள்.

வெட்டும்போது சுற்றிலும் பதினைந்தடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. கிளையைப் பிடித்திருக்கும் கையை நோக்கி வெட்டக் கூடாது. மரம் ஏறும்போது அரிவாளை இடுப்பில் செருகாமல், மேலே போய்க் கயிற்றால் இழுத்துக் கொள்ளுங்கள்.

கரும்புக் கரணை வெட்டுவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மறுதாம்புக் குட்டை நோய் கத்தி வழியாகவே ஒரு கரும்பிலிருந்து மற்றதற்குப் பரவுகிறது. ஒரு வயலை முடித்து அடுத்த வயலுக்குப் போகும் முன் கத்தியைக் கழுவி, கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். நெருப்பில் காட்ட வேண்டாம், துவைச்சல் போய்விடும். கொதிநீரின் சூட்டில் துவைச்சலுக்குக் கெடுதல் இல்லை.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டும் உருவாக்கப்பட்ட கருவிகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆயினும் பேருந்திலும் சந்தையிலும் அரிவாளைக் கையில் வெறுமனே தூக்கிச் செல்லாமல், சாக்கில் சுற்றிக் கட்டி எடுத்துச் செல்வதே முறை. விற்பவர் பெயரும் முகவரியும் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

காயம் பட்டால்

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்து, அந்தக் கையையோ காலையோ உயர்த்தி வையுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம், மண் எதையும் வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று ரணஜன்னி தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து ஆளோடு சேர்த்துப் பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது.

இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கே உங்கள் வீட்டு அரிவாளை எடுத்துப் பிடியை ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் நாளைக் காலையில் வேலிக்குப் போகும் முன் பட்டறைக்குப் போங்கள். வேலி ஒரு நாள் காத்திருக்கும்.