தனியா நிக்கிற குழந்தையைப் பார்த்தா என்ன செய்யணும்?

ஓசூர் பேருந்து நிலையம், ரயில் நிலையம், சிப்காட் பகுதி, ஜூஜுவாடி எல்லை ஆகிய இடங்களில் இரவு பகலாக ஆள் நடமாட்டம் இருக்கும். வேலை தேடி வெளிமாநிலக் குடும்பங்கள் வருகின்றன. அவர்களோடு வந்து கூட்டத்தில் தவறிய குழந்தையும், வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பி வந்த குழந்தையும் இந்த இடங்களில்தான் நிற்பார்கள். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். யாரோ ஒருவர் வண்டியில் ஏற்றிவிட்டால், சில நிமிடங்களில் குழந்தை வேறு மாநிலத்தில் இருக்கும். அதனால் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு நகர்ந்துடாதீங்க.

உடனே செய்ய வேண்டியவை

1. 1098-க்கு போன் செய்யுங்க. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் இயங்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. ரயில் அல்லது நடைமேடை என்றால் ரயில்வே பாதுகாப்புப் படையினரிடம் சொல்லுங்க, அல்லது 139-ஐ அழையுங்க.

2. எல்லைப் பகுதி என்பதால், எந்த ஊர், எந்த மாவட்டம், பக்கத்தில் என்ன கடை என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிடுங்க.

3. ஆள் வரும் வரை குழந்தை கண் பார்வையிலேயே இருக்கட்டும். தண்ணீர், சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம். வீட்டுக்குக் கூட்டிப் போய் வெச்சுக்காதீங்க.

4. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீங்க. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் படி குற்றம்.

ஆதரவில்லாத குழந்தை உங்க பொறுப்பில் வந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். தராவிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அதன் பிறகு என்ன நடக்கும்?

பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக்குழு முன் ஆஜர்படுத்துவார்கள். தலைவரோடு சேர்த்து ஐந்து பேர் கொண்ட குழு இது. பெற்றோரைத் தேடுவதுதான் முதல் வேலை. பீகாரோ ஒடிசாவோ சொந்த ஊர் என்றால், அந்த மாவட்டத்து நலக்குழுவிடம் ஒப்படைக்கலாம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி மட்டுமே.

பெற்றோரோடு நடைபாதையில் தூங்கும் குழந்தை?

வறுமைக்காக மட்டும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. அந்தக் குடும்பத்துக்கு வேறு உதவி உண்டு. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கச் சொல்லுங்க. 6 முதல் 14 வயது வரை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. இந்த ஒரு விஷயம் தெரியாமலேயே பல பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே பகலைக் கழிக்கிறார்கள். மொழி தெரியாத பெற்றோர் என்றால், பள்ளி வரைக்கும் கூட ஒருத்தர் போய் வந்தாலே பெரிய உதவி.

சிக்னலில் நீட்டும் கையில் போடும் காசு பல நேரம் குழந்தைக்குப் போய்ச் சேராது. குழந்தையைப் பிச்சை எடுக்க வைப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் உண்டு. காசுக்குப் பதிலா அந்த நிமிஷமே 1098-ஐ அழைங்க. இப்பவே உங்க போனில் அந்த எண்ணைச் சேமிச்சு வெச்சுக்குங்க.