ஒடிந்த கம்பி குற்றவாளியா?

கேள்வி: பாலசமுத்திரத்திலிருந்து பழனிக்குத் தினமும் தேங்காய் மூட்டை ஏற்றிப் போகும் பழைய 28 அங்குல சைக்கிள். இரண்டு மாதத்தில் பின்சக்கரத்தில் நான்கு போக்ஸ் கம்பி ஒடிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதுக்கம்பி போட்டு, கோட்டமும் எடுத்தாயிற்று. கம்பி மட்டமான சரக்கா? 13 நம்பர் கம்பி போட்டால் தாங்குமா?
— வாசகர், பாலசமுத்திரம்

பதில்: ஒடிந்த துண்டைத் தூக்கி எறியாமல் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். நட்டநடுவில் அறுந்திருந்தால் குச்சியோ செயினோ சிக்கியிருக்கும். ரிம்மில் மாட்டும் நிப்பிள் பக்கம் மரையில் போயிருந்தால் கம்பி நீளம் போதாமல் இருந்திருக்கலாம். ஹப்பில் மாட்டும் கொக்கி வளைவிலேயே ஒடிந்திருந்தால் (பெரும்பாலும் அங்கேதான் ஒடியும்) காரணம் தொய்வு.

பாரம் ஏறினால் கம்பிகள் இறுகி அறுந்துபோகும் என்பது பலருடைய நினைப்பு. நடப்பது நேர் எதிர். ஹப்புக்கும் தரைக்கும் நடுவே வரும் கம்பிகள் அந்தக் கணம் தளர்கின்றன. சக்கரம் உருண்டதும் மறுபடி இறுகுகின்றன. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் போகும். கிலோமீட்டருக்கு 450 சுற்று. நாளுக்கு 12 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 16 லட்சம் தடவை. கம்பி விறைப்பாக இருந்தால் இது பொருட்டே இல்லை. தொய்ந்திருந்தால் கொக்கி ஓட்டைக்குள் ஆடி ஆடி, கட்டுக்கம்பியைக் கையால் இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பதுபோல ஒருநாள் போய்விடும்.

பின்சக்கரம் மட்டும் ஏன்? ஆளும் மூட்டையும் பெரும்பாலும் அதன் தலையில்தான். அதனால்தான் பழைய சைக்கிள்களில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40.

ஒவ்வொன்றாக மாற்றுவதில்தான் சிக்கல். புதுக்கம்பிக்குப் பக்கத்தில் இருப்பவை அதே லட்சம் ஆட்டத்தை ஆடிக் களைத்தவை. அடுத்தது யார் என்பதுதான் கேள்வி. கோட்டம் எடுத்ததால் மட்டும் தீராது. நேராக ஓடும் ரிம்மில்கூட ஒரு கம்பி வீணைத் தந்தியாகவும் அடுத்தது துணி காயப்போடும் கொடியாகவும் இருக்கலாம். விரலால் சுண்டிப் பார்த்தால் தெரியும்: ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும்.

13 நம்பர் வேண்டாம். நம்பர் குறைந்தால் கம்பி தடிக்கும்: 14 என்பது 2 மில்லிமீட்டர், 13 என்பது 2.3. ஹப் ஓட்டையும் நிப்பிளும் அதற்குப் பொருந்த வேண்டும். தடித்த கம்பி குறைவாகவே நீளும் என்பதால் பாரத்தில் சீக்கிரம் தொய்யவும் செய்யும்.

நான்கு ஒடிந்த பிறகு 40-ஐயும் மாற்றுவதே சிக்கனம். ஃப்ரீவீலைக் கழற்றித்தான் அந்தப் பக்கத்துக் கம்பியை மாட்ட முடியும் என்பதால் ஒரே கழற்றலில் எல்லாம் முடியட்டும். நிப்பிளைக் கால் சுற்று, கால் சுற்றாகத்தான் முறுக்க வேண்டும். முடித்ததும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையில் பிடித்து நன்றாக அழுத்தி விட்டு, மறுபடி கோட்டம் பார்க்கச் சொல்லவும். 1981-இல் சைக்கிள் சக்கரத்துக்கென்றே புத்தகம் எழுதிய அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் வற்புறுத்திய வேலை இது. கொக்கியில் தேங்கி நிற்கும் இறுக்கத்தைப் போக்கும். ரிம்மில் நிப்பிள் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தால் ரிம்மும் போக வேண்டியதுதான்.

கொடைக்கானல் மலைச்சாலையில் கியர் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் ஒரு சொல். ஏற்றத்துக்கான பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது செயின் தாண்டி உள்ளே விழுந்தால் கம்பிகளை ரம்பம்போல் கீறிவிடும். கீறல் விழுந்த கம்பி சில வாரம் கழித்து, சமதரையில் ஒடியும். கியரைச் சரிசெய்யாமல் கம்பியைத் திட்டிப் பயனில்லை.

வழியில் ஒடிந்தால், துண்டைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, மூட்டையை இறக்கி, தள்ளிக்கொண்டு போவதே நல்லது. புதுக்கம்பிகள் முதல் சில நாளில் கொஞ்சம் இளகும். ஒரு வாரத்தில் மறுபடி கடையில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளவும். அதுவரை தேங்காய் டி.வி.எஸ். எக்ஸ்.எல்லில் போகட்டும்.