கப் கேக்கில் மினுமினுப்பு: எதைத் தூவலாம், எதைத் தூவக்கூடாது

நாமக்கல் முட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், நம் பகுதியில் வீட்டிலேயே கப் கேக் செய்து விற்கும் சகோதரிகளுக்குப் பொருள் தட்டுப்பாடு இல்லை. பெருநாள், அகீகா, பிறந்தநாள் ஆர்டர்களில் இப்போது எல்லோரும் கேட்பது மேலே மின்னும் தூளைத்தான். கவனிக்க வேண்டியதும் அதுதான்.

மினுக்கும் தூள் டப்பாவில் 'நான் டாக்சிக்' என்று போட்டிருந்தால் அது உணவுப் பொருள் என்று அர்த்தமில்லை. குழந்தைகளின் கிரேயானிலும் அப்படித்தான் போடுகிறார்கள். 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. கேக்கின் மேல் பூசிய தங்கநிறத் தூளில் செம்பு மிகுதியாக இருந்தது. அடுத்த ஆண்டு மிசௌரியில் ஒரு சிறு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கூடியதற்கும் இப்படி ஒரு அலங்காரத் தூளே காரணம். நம் ஊர்க் கதை உங்களுக்கே தெரியும்: 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்ததால் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழக அரசு தடை போட்டது.

ஆகவே டப்பாவில் சேர்மானப் பட்டியலும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் இல்லையென்றால் வாங்காதீர்கள். சிறு பொட்டலமாகப் பிரித்து விற்பது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சில தூள்களில் ஜெலட்டின் சேர்ப்பார்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோக்களில் இந்தத் தூளை வோட்காவில் குழைத்துப் பூசுகிறார்கள். நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம். நீர்த்த சர்க்கரைப் பாகு போதும். குர்ஆன் (2:168) ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்கிறது. ஹராம் கலக்காத தூளாக இருந்தாலும் உடலுக்குக் கேடு என்றால் எப்படித் தய்யிப் ஆகும்?

வெள்ளித்தாள் ஒட்ட விரும்புவோர், உணவுக்கென்று விற்பதை மட்டும் வாங்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை நடக்கிறது என்பதற்காகப் பட்டறைத் தகட்டையோ தூளையோ கேக்கில் வைத்துவிடக் கூடாது. அலுமினியக் கலப்பு உண்டா என்று பார்க்க, ஒரு துண்டைத் தீயில் காட்டுங்கள். சுத்த வெள்ளி சுருண்டு பளபளக்கும் சிறு உருண்டையாகும். கலப்படமானது கருஞ்சாம்பல் நிறச் சாம்பலாகும்.

எங்களுக்குப் பிடித்தது டைமண்ட் கற்கண்டுதான். அரை டம்ளர் கற்கண்டைச் சுத்தமான துணியில் முடிந்து, பூரிக்கட்டையால் தட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் மாவாகி மினுக்கம் போய்விடும். டீ வடிகட்டியில் சலித்தால் மாவு கீழே இறங்கிவிடும் (அதைத் தேநீருக்கு வைத்துக்கொள்ளலாம்). மேலே நிற்பதில் கல் உப்பு போன்ற பெரிய துண்டுகளை எடுத்துவிடுங்கள், சின்னக் குழந்தைகளின் தொண்டையில் சிக்கும். நிறம் வேண்டுமானால் அனுமதிக்கப்பட்ட உணவு நிறம் இரண்டு சொட்டு விட்டுப் பிசறி, தட்டில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர விடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் இருந்தால் கெடாது.

முதல் நாளே தூவிவிட்டால் கிரீமின் ஈரத்தில் கரைந்து, காலையில் மினுக்கம் இருக்காது. பட்டர் கிரீமில் கொஞ்சம் தாங்கும். விப்பிங் கிரீமில் சீக்கிரம் போகும். பெட்டியை மூடுவதற்குச் சற்று முன் தூவுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து அனுப்பும் ஆர்டர் என்றால் கற்கண்டைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்து, வாங்குகிறவரையே தூவச் சொல்லிவிடலாம்.